அஞ்சு இருபது பதினாலு

தக் தக்குனு ஒரு சத்தம் வருதே, கேக்குதுங்களா? எஞ்சின் இல்லீங்க அது. பின்பக்கம், உள் டயரு. மேல ஒட்டின ரப்பர் ஒரு இடத்துல எழும்பியிருக்கு. ஒவ்வொரு சுத்துக்கும் ஒருதடவை ரோட்டுல அடிக்குது. பயப்படாதீங்க, பஸ்ஸுக்குப் பின்னாடி பக்கத்துக்கு ரெண்டு டயரு. ஒண்ணு போனா இன்னொண்ணு தாங்கும். ஏற்காடு போய்ச் சேர்ந்துடுவோம்.

எப்படித் தெரியும்னு பாக்கறீங்க. நான் மெக்கானிக் இல்லீங்க. எடையளவு இன்ஸ்பெக்டர். ரிட்டயர் ஆகி ஆறு வருஷமாச்சு. சேலத்துலயும் சுத்துப்பட்டுலயும் முப்பத்தோரு வருஷம் தராசுக்கும் படிக்கல்லுக்கும் முத்திரை வச்சவன். அர்த்தநாரின்னு செவ்வாப்பேட்டை மண்டியில கேட்டுப் பாருங்க. திட்டுவாங்க. திட்டினாத்தான் நான் ஒழுங்கா வேலை பாத்திருக்கேன்னு அர்த்தம்.

ஒண்ணு சொல்றேங்க. அளவு தெரிஞ்ச ஆளு இப்ப எவனுமே இல்ல. எல்லாம் கிட்டத்தட்ட. கதவு அளவு கேட்டா கிட்டத்தட்ட. சட்டை அளவு கேட்டா கிட்டத்தட்ட. டயர் சைஸ் கேட்டா, 'கிட்டத்தட்ட இதுதாங்க, மாட்டிக்கலாம்' அப்படிங்கறான். கிட்டத்தட்ட ஒரு கிலோன்னு ஒரு கிலோ இருக்குதுங்களா உலகத்துல?

டயரைப் பத்தி யார்கிட்டயும் வாயைத் திறக்கக்கூடாதுன்னுதான் இருந்தேன். அந்தச் சத்தம் கேட்டதும் வந்துருச்சு.

என்கிட்ட ஒரு ஃபியட் இருக்கு. ஆயிரத்தி நூறு மாடல். அறுபத்திரண்டாம் வருஷத்து வண்டி. ரிட்டயர் ஆனப்ப ஒரு எஸ்டேட்காரர் வீட்டுல இருந்து வாங்கினேன், கோழி அடைச்சு வச்சிருந்தாங்க உள்ள. நாலு வருஷம் உக்காந்து ஒவ்வொரு சாமானா அசலுக்குக் கொண்டு வந்தேன். வெளிர் பச்சை. அதே பச்சை. கம்பெனி என்ன பச்சை அடிச்சானோ அதே பச்சை. அந்த வண்டிக்குச் சக்கரம் பதினாலு இன்ச், டயரு அஞ்சு இருபது பதினாலு. அஞ்சே கால் இன்ச்சுக்குக் கொஞ்சம் கம்மி அகலம். வண்டிகூட வந்த புஸ்தகத்துல அச்சடிச்சிருக்கு. அதுல பேச என்ன இருக்கு சொல்லுங்க.

பேசறாங்களே. பாதிப்பேரு வேற வண்டியோட பதிமூணு இன்ச் சக்கரத்தை எடுத்து இதுல மாட்டிக்கிட்டுத் திரியறான். சக்கரம் சின்னதானா அதிகமா சுத்தும். மீட்டர்ல அறுபது காட்டும், ரோட்டுல அம்பத்தஞ்சு கூட இருக்காது. பொய் மீட்டருங்க அது. என் காலத்துல ஒரு கடையில அப்படி ஒரு தராசு இருந்திருந்தா அன்னைக்கே சீல் வச்சிருப்பேன். சஞ்சீவின்னு ஒரு பல் டாக்டர் இருக்காரு, எங்க பழைய கார் சங்கத்துல. அவரு வண்டியும் ஃபியட்டுதான். பதினேழு இன்ச் அலாய் சக்கரத்தைப் போட்டு, அதுமேல தோசை கனத்துல ஒரு டயரு. வளைக்கும்போதெல்லாம் மட்கார்டுல உரசி ரப்பர் நாத்தம் அடிக்கும். 'பாக்க எப்படி இருக்கு அர்த்தநாரி சார்' அப்படின்னாரு. உங்க ஆஸ்பத்திரி வாசல்ல வச்சிருக்கற பெரிய பல்லு மாதிரியே இருக்குங்கன்னு சொன்னேன். சந்தோஷமா சிரிக்கறாரு. பாராட்டுன்னு நினைச்சுக்கிட்டாரு.

இது எத்தனாவது வளைவு? மூணுங்களா? சரி.

இவங்களையெல்லாம் கூட விட்டுடலாங்க. நான் பெத்த பொண்ணு இருக்காளே, நிறைமதி, அவதான். ரப்பர் படிச்சவ. நாலு வருஷம் ரப்பரைப் பத்தி மட்டும் படிச்சா. அதுல நாலு வருஷம் படிக்க என்ன இருக்குன்னு எனக்கு இன்னைக்கு வரைக்கும் புரியல. இப்ப மெட்ராஸ் பக்கம் ஒரு டயர் கம்பெனியில வேலை. டயரை மிஷின்ல மாட்டி கிழியற வரைக்கும் ஓட்டிப் பாக்கறது. அதுக்குச் சம்பளம் குடுக்கறாங்க.

வண்டிக்கு டயர் தேடிக்கிட்டிருக்கேன்னதும் போன்ல சொன்னா. "அப்பா, நூத்தம்பத்தஞ்சு எண்பது ஆர் பதினாலு போடுங்க. ரேடியல், இப்ப வர்ற வகை. உங்க சக்கரத்துலயே உக்காரும், எதையும் மாத்த வேண்டாம்."

அப்படின்னா என்னன்னு கேட்டேன். நூத்தம்பத்தஞ்சுங்கறது அகலமாம், மில்லிமீட்டர்ல. எண்பதுங்கறது பக்கவாட்டு உயரமாம், அகலத்துல எண்பது சதவீதம். பதினாலுங்கறது சக்கரம், இன்ச்சுல. பாத்தீங்களா? ஒரே வரியில மில்லிமீட்டரு, சதவீதம், இன்ச்சு. ஒரே தராசுல படியும் கிலோவும் மரக்காலும் போட்டு நிறுத்த மாதிரி. நானா இருந்தா கேஸ் எழுதியிருப்பேன்.

"மொத்த உயரம் எவ்வளவு வித்தியாசம் வரும்?"ன்னேன்.

"ஏழு மில்லிமீட்டர்ப்பா. ஒண்ணுமே இல்ல."

ஏழு மில்லிமீட்டர் ஒண்ணுமே இல்லியாம். நான் வளத்த பொண்ணு சொல்றா. போனை வச்சுட்டேன்.

அப்புறம் நானே தேடினேன். ரெண்டு வருஷம். கடைசியில ராசிபுரத்துல, மூடிப்போன ஒரு டயர் கடையோட குடோன்ல கிடைச்சுது. அஞ்சு டயரு. அஞ்சு இருபது பதினாலு. பழுப்புக் காகிதம் சுத்தினது சுத்தினபடி. ஒரு கிலோமீட்டர் ஓடலீங்க. புது டயர்ல மேல மீசை மாதிரி சின்னச் சின்ன ரப்பர் முடி நீட்டிக்கிட்டிருக்கும் பாத்திருப்பீங்க, அது கூட அப்படியே இருந்துச்சு. தடவிப் பாத்துட்டு அங்கயே ஒரு மூட்டை மேல கொஞ்ச நேரம் உக்காந்துட்டேன். உண்மையைச் சொல்றேன்.

சேலம் அஞ்சு ரோட்டுல காஜா மைதீன்னு ஒருத்தர் டயர் கடை வச்சிருக்காரு. அவர்கிட்ட மாட்டக் கொண்டு போனேன். டயரைப் புரட்டி ஓரத்துல எதையோ தேடினாரு. அப்புறம் கையைத் தொடைச்சுக்கிட்டு, "அண்ணே, இதை நான் மாட்டமாட்டேன்" அப்படின்னாரு.

"ஏன்?"

"இங்க பாருங்க. ஒண்ணு நாலு பூஜ்யம் மூணுன்னு இருக்குல்ல. ரெண்டாயிரத்தி மூணாம் வருஷம், பதினாலாவது வாரம் செஞ்சது. பத்தொன்பது வருஷமாச்சுண்ணே."

"ஓடவே இல்லியே பாய்."

"ஓடாட்டி என்னண்ணே."

எனக்குத் தெரியாதுங்களா வியாபாரியை? புதுசு விக்கணும்னா பழசு கெட்டுப்போச்சுன்னுதான் சொல்லியாகணும். பன்னு பாக்கெட்டுல தேதி போடற மாதிரி டயர்ல போடறானாம். திரும்பி எடுத்துக்கிட்டு வந்துட்டேன். வீட்டுல நானே கம்பி போட்டு நெம்பி அஞ்சையும் மாட்டினேன். ரெண்டு நாள் ஆச்சு. இந்தக் கட்டைவிரல் நகம் போனது அதுலதான்.

பொங்கலுக்கு நிறைமதி வந்தா. வந்தவ பையைக் கூட வைக்கல, நேரா வண்டிகிட்ட போய்க் குத்துக்கால் போட்டு உக்காந்துட்டா. நகத்தால டயரைக் கீறிப் பாக்கறா. மோந்து பாக்கறா. போன்ல விளக்கைப் போட்டு பள்ளத்துக்குள்ளயெல்லாம் அடிச்சுப் பாக்கறா. "அப்பா, வெடிப்பு இருக்கு. முடி மாதிரி. இங்க வந்து பாருங்களேன்." நான் கண்ணாடி போடலேன்னுட்டேன். "ஓடாம சும்மா இருந்தாலும் ரப்பருக்கு வயசாகும்ப்பா. உள்ள இருக்கற ஒட்டு விட்டுப்போகும்." அவ அம்மா காபியைக் கையில வச்சுக்கிட்டு வாசப்படியில நிக்கறா, எங்க ரெண்டு பேரையும் மாத்தி மாத்திப் பாத்துக்கிட்டு. நான் சொன்னேன், "நீ கிழியற வரைக்கும் ஓட்டறவ. உனக்கு எதைப் பாத்தாலும் கிழியற மாதிரிதான் தெரியும்." அடுத்த ஞாயித்துக்கிழமை சங்கத்து ஊர்வலத்துக்கு நானும் வர்றேன்னு மட்டும் சொன்னா. லீவைக் கூட நாலு நாள் நீட்டிக்கிட்டா. பழைய கார் மேல ஆசை வந்துருச்சு போலன்னு நினைச்சுக்கிட்டேன்.

சேலத்துல இருந்து ஏற்காடுங்க, வருஷா வருஷம் நடக்கும். இதே ரோடு. முப்பது வண்டி. நான்தான் ஓட்டினேன். இருபது வளைவும் அப்படி ஏறுச்சுங்க, வெண்ணெய் மாதிரி. மேல ஏரிக்கரையில நிறுத்திக் காட்டினோம். அசல் நிலையில இருக்கற வண்டிக்கு எனக்கு ரெண்டாம் பரிசு. ஹார்ன் அசல் இல்லியாம், அதனால ரெண்டாவதாம். அதைச் சொன்ன நடுவருக்கு ஹார்ன் எந்தப் பக்கம் ஊதும்னு தெரியாது. ஜனங்க ஓட்டுப்போட்ட பரிசு யாருக்குன்னு நினைக்கறீங்க? பல் டாக்டருக்கு. அந்தத் தோசை டயருக்கு. ஜனங்களைப் பத்தி நான் என்ன சொல்றது. அவங்கதான் முப்பத்தோரு வருஷமும் எடை குறைஞ்ச கடையிலயே போய் வாங்கினாங்க.

இறங்கற நேரத்துலதான் நிறைமதி ஆரம்பிச்சா. முன்னாடி வலதுபக்க டயர்கிட்ட குனிஞ்சுக்கிட்டு, "அப்பா, இங்க ஒரு புடைப்பு வந்திருக்கு. காலையில இல்ல. வண்டியை ஒரு லாரியில ஏத்திக் கீழ கொண்டு போயிடலாம். நான் போன் பண்ணி வரச்சொல்றேன்" அப்படிங்கறா.

லாரியில. பரிசு வாங்கின வண்டியை. மத்தவனெல்லாம் வரிசையா ஓட்டிக்கிட்டுப் போவான், நான் என் வண்டியை மாடு மாதிரி கட்டி ஏத்திக்கிட்டுப் போகணும். டாக்டர் வேற பக்கத்துலயே நிக்கறாரு. முடியாதுன்னுட்டேன்.

"அப்ப நான் ஓட்டறேன்" அப்படின்னா. எல்லாரும் போட்டோ எடுக்கறாங்கள்ல, பொண்ணு பழைய கார் ஓட்டறான்னு பேரு வரும், அதுக்கு ஆசைப்படறா. சரி, சின்னப் பொண்ணு, இருபத்தெட்டு வயசு, ஓட்டட்டும்னு சாவியைக் குடுத்தேன். பெருந்தன்மையாத்தான் குடுத்தேன்.

எப்படி ஓட்டினான்னு கேளுங்க. ரெண்டாவது கியரு. அதைத் தாண்டல. நடந்து போறவன் எங்களை முந்திட்டுப் போவான், அந்த வேகம். பின்னாடி அத்தனை வண்டியும் ஹார்ன் அடிக்குது. டாக்டர் எங்களைத் தாண்டும்போது கையை ஆட்டிட்டுப் போறாரு. எனக்கு எப்படி இருந்திருக்கும். "மூணாவது போடு"ன்னேன். போடல. "நிறை, மூணாவது போடுன்னு சொல்றேன்ல"ன்னேன். ரோட்டுலயே கண்ணு. ரெண்டு கையாலயும் ஸ்டீரிங்கைப் புடிச்சுக்கிட்டு, பரீட்சை எழுதற மாதிரி உக்காந்திருக்கா.

இது ஏழுங்களா எட்டுங்களா? எட்டா. கிட்ட வந்துட்டோம்.

பத்தாவது வளைவு முடிஞ்சு, ஒன்பதாவதுக்கு முன்னாடி ஒரு நேர் ரோடு வரும். இறங்கும்போது நமக்கு இடதுபக்கம் பாறை, வலதுபக்கம் பள்ளம். அங்கதான் வெடிச்சுது. முன் வலது. பட்டாசுக் கடையில தீப்பிடிச்ச மாதிரி ஒரு சத்தம். மேல் ரப்பர் மொத்தமா உரிஞ்சு மட்கார்டுல டப டபன்னு அடிக்குது. வண்டி வலதுபக்கம் லேசா இழுத்துச்சு. லேசாத்தாங்க. நான், "பிரேக் போடு, பிரேக் போடு"ன்னு கத்தறேன். வண்டி ஓட்டத் தெரிஞ்ச எவனும் முதல்ல பிரேக்கைத்தானே மிதிப்பான்? அவ தொடவே இல்லீங்க. பிரேக்குல காலே வைக்கல. ஸ்டீரிங்கை மொத்த உடம்பாலயும் இடதுபக்கம் இழுத்துக்கிட்டே இருந்தா, இழுத்துக்கிட்டே இருந்தா, வண்டி திரும்பி நேரா போய்ப் பாறையில சாஞ்சு, இருபது அடி உரசிக்கிட்டே போய் நின்னுச்சு.

இடதுபக்கம் முழுக்கப் போச்சு. மட்கார்டு, ரெண்டு கதவு, கீழ்ப்பட்டி. நான் உக்காந்திருந்த பக்கம். அவ உக்காந்திருந்த பக்கம் டயரைத் தவிர ஒரு கீறல் இல்ல. கவனிச்சீங்களா? தான் இருந்த பக்கம் ஒரு கீறல் இல்ல.

"அப்பா, உங்களுக்கு ஒண்ணும் ஆகலியே?"ன்னு கேட்டா. என் கதவு திறக்கல, பாறை. அவ பக்கமா இறங்கி, சுத்தி வந்து மட்கார்டைப் பாத்தேன். நாலு வருஷ வேலைங்க. அந்தப் பச்சையைக் கண்டுபிடிக்கவே எனக்கு எட்டு மாசம் ஆச்சு. எனக்குக் கோபம் வராதா? வந்துது. பின்னாடி வந்த வண்டியெல்லாம் நின்னு, எல்லாரும் கூடிட்டாங்க. "உன்னை எவன் ஓட்டச் சொன்னான்? நேரா விட்டிருந்தா தானா நின்னிருக்கும். படிச்சு என்ன கிழிச்ச"ன்னு கேட்டேன். எல்லார் முன்னாடியும்தான் கேட்டேன். தப்பு பண்ணா கடைக்காரனையும் நான் கடை வாசல்லதான் கேப்பேன்.

அவ அழல. ஒரு ஓரமா உக்காந்து போன்ல லாரிக்குச் சொன்னா. அங்க இருந்த ஒரு அம்மா துண்டைக் கிழிச்சு அவ மணிக்கட்டுல கட்டினாங்க, சுளுக்கோ என்னமோ. வீட்டுக்கு வந்ததும் பையை எடுத்துக்கிட்டு சாயங்கால பஸ்ஸுக்கே கிளம்பிட்டா. மறுநாள் போறதா இருந்தவ. மூணு வாரம் ஆச்சு. என் போனை எடுக்கறதில்ல. அவ அம்மா போன்னா எடுத்துப் பேசறா. நான் பக்கத்துல போய் நின்னா அவ அம்மா உள்ளறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கறா. என் வீட்டுல எனக்குக் கதவைச் சாத்தறாங்க.

இதுல வேற, போன வாரம் காஜா பாய் கூப்பிட்டாரு. அஞ்சு டயரு வந்து இறங்கியிருக்காம், நூத்தம்பத்தஞ்சு எண்பது. பொண்ணு அனுப்பியிருக்கு, வண்டி சரியானதும் கொண்டாங்க, மாட்டித் தர்றேன்னாரு. கிடக்கட்டும்னுட்டேன். வண்டியைக் கட்டை மேல தூக்கி வச்சிருக்கேன். கட்டை மேல வேணா நிக்கும், அந்த டயர் மேல நிக்காது.

எதுக்கு ஏற்காடு போறேன்னு கேக்கறீங்க. ஏற்காடு போகலீங்க. அந்தச் சக்கரத்தோட மூடி, கிண்ணம் மாதிரி இருக்கும், அது கழண்டு எங்கயோ உருண்டு போச்சு. அசல் மூடி. இப்ப எங்க தேடினாலும் கிடைக்காது. கண்டக்டர்கிட்ட சொல்லியிருக்கேன், ஒன்பதாவது தாண்டி நிறுத்துப்பான்னு. அங்கயெல்லாம் நிறுத்தக்கூடாதுன்னாரு. பேசிச் சம்மதிக்க வச்சிருக்கேன்.

இதாங்க. இந்த ரோடுதான். எதிர்ல லாரி இறங்குது, நம்ம பஸ் நிக்குது. நல்லதாப் போச்சு. அந்தப் பக்கம் ஜன்னல் வழியா பாருங்க, பாறையில பச்சையா ஒரு தீத்தல் தெரியுதில்ல? என் வண்டி பெயிண்ட்டு. அசல் கலரு.

கோடு கூட அழியலீங்க. ரோட்டுல கருப்பா. மழை பெய்யல, அதான். மேல இருந்து வருது, பாறை ஓரமா வருது, அப்புறம்... இது எதுக்கு இவ்வளவு தூரம் இந்தப் பக்கம் வருது? லேசாத்தான் இழுத்துச்சு. சொன்னேன்ல உங்ககிட்ட, லேசாத்தான். கொஞ்சம் இருங்க, எட்டிப் பாக்கறேன்.

இங்க சுவர் இல்லியே. வெள்ளையடிச்ச கல்லு வரிசையா வந்து இந்த இடத்துல மட்டும் இல்ல. அன்னைக்கும் இப்படியா இருந்துச்சு? நான் இந்தப் பக்கம் பாக்கவே இல்லீங்க. மட்கார்டைத்தான் பாத்துக்கிட்டு நின்னேன்.

கோடு நம்ம ஜன்னலுக்கு நேர் கீழ வந்துட்டுத்தான் திரும்புது. விளிம்புக்கும் அதுக்கும் நடுவுல...

ஒண்ணே கால் அடி.

அவ்வளவுதாங்க. ஒண்ணே கால் அடி. முப்பத்தோரு வருஷம் அளந்த கண்ணு, ஒரு அங்குலம் முன்னப்பின்ன இருக்கலாம். கீழ மரத்தோட உச்சி தெரியுது. அடிமரம் தெரியல.

என்னப்பா? ஆமா, இந்த இடம்தான் சொன்னேன். இல்ல, இறங்கல. நீ விசில் குடு, போகலாம்.

மூடி கிடக்கட்டும்ங்க.

ரெண்டு தடவை சொன்னேன். மூணாவது போடு, மூணாவது போடுன்னு. ரெண்டு தடவை.

உங்க போனைக் கொஞ்சம் குடுக்கறீங்களா? என் நம்பர்னா எடுக்கமாட்டா. சொல்றேன், நீங்களே போடுங்க. தொண்ணூத்தி எட்டு, நாப்பத்தி... என்னங்க? உங்க போனுக்கு இங்க சிக்னல் இல்லீங்களா?

மேல போனா கிடைக்கும்ல. சரி. அப்ப மேல வரைக்கும் வர்றேன்.